தெளிந்த நீரும் தெரியாத குற்றமும்

கடந்த தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் எமது வீட்டுச் சமையலறையில் சிங்க்குக்குக் கீழே நீர் கசியத் தொடங்கியது. பிளம்பரை அழைத்தோம். தேய்ந்துபோன ஒரு சிறிய இறப்பர் வளையந்தான் காரணம். பத்து நிமிட வேலை. வேலை முடிந்து எழும்பும்போது அவர் பக்கத்தில் இருந்த ஆர்.ஓ. தண்ணீர் வடிகட்டியைத் தட்டிக் காட்டி, இதைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். வீட்டிலிருந்தோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். லாச்சிக்குள் தேடியதில் வாங்கிய பற்றுச்சீட்டு அகப்பட்டது. ஐந்து வருடமும் சில மாதங்களும் ஆகியிருந்தன. அந்த ஐந்து வருடத்தில் அந்த அலுமாரிக் கதவை நாம் திறந்ததெல்லாம் பாத்திரம் கழுவும் சோப்பை எடுப்பதற்கு மட்டுமே.

அவர் முதலாவது கூட்டைக் கழற்றினார். உள்ளே இருக்கும் வடி வாங்கும்போது வெள்ளை நிறம். இப்போது கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. தொட்டால் குளத்துப் படியைத் தொட்டது போல வழுக்கியது. அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, அப்ப இவ்வளவு காலமும் வாற போற சனத்துக்கு நாங்கள் என்ன தண்ணியைக் குடுத்தனாங்கள்?" என்று கேட்டார்.

எம்மிடம் உடனே வந்த பதில், "தெரியாமல்தானே அம்மா செய்தது" என்பதுதான். அந்தப் பதில் சரியானதா என்ற கேள்வி இரண்டு மூன்று மாதங்களாக எம்மை விடவில்லை. எமது ஆலயத்துக்கு வரும் குடும்பங்களில் பல வீடுகளில் இந்தச் சாதனம் இருப்பதால், இந்த இதழில் அதையே எழுத எண்ணினோம்.

இந்த வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். குழாயிலிருந்து வரும் நீர் முதலில் மண், துரு முதலியவற்றைப் பிடிக்கும் வடியினூடாகப் போகிறது. அடுத்து கரி நிரப்பிய வடி. அது குளோரினை நீக்குகிறது. குளோரின் பட்டால் அடுத்துள்ள மென்சவ்வு பழுதாகிவிடும் என்பதாலேயே கரிக்கு அந்த இடம். பின்பு மென்சவ்வு. குழாய் நீரின் அழுத்தமே நீரை அதனூடாகத் தள்ளுகிறது. கரைந்த உப்புகளில் மிகப் பெரும் பகுதி இந்தப் பக்கமே தங்கி, கழிவு நீரோடு சாக்கடைக்குப் போகிறது. வடிந்த நீர் சொட்டுச் சொட்டாக ஒரு சிறிய தாங்கியில் சேர்ந்து, இன்னொரு கரி வடியைக் கடந்து எமது கோப்பைக்கு வருகிறது. முதல் இரண்டு வடிகளையும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும். மென்சவ்வு பொதுவாக இரண்டு மூன்று வருடம் நிற்கும். தாங்கியையும் குழாய்களையும் வருடத்துக்கு ஒரு முறை கிருமிநீக்கிக் கழுவ வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. குழாய் நீரில் குளோரின் இருப்பது வீடு வரும் வரை அந்த நீரைக் காப்பதற்கே. கரியைக் கடந்த கணத்திலிருந்து அந்தக் காவல் இல்லை. அதற்குப் பிறகு தாங்கியிலும் குழாயிலும் நிற்கும் நீர் காவலற்ற நீர். பராமரிக்காமல் விட்டால் அங்கே நுண்ணுயிர்கள் படலமாகப் படியும். அவற்றில் பெரும்பாலானவை நல்ல சுகதேகியை ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவருக்கும் அதே உறுதியைத் தர முடியாது. ஆக, கவனிப்பாரற்ற வடிகட்டி வீட்டில் இருப்பதைவிட அது இல்லாமல் இருப்பதே மேல் என்ற நிலை வரலாம். அப்போதும் நீர் தெளிவாகவே இருக்கும். மணமும் பெரும்பாலும் மாறாது. கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இருளையும் ஆணவத்தையும் ஒப்பிட்டுச் சொல்லும் இடம் சைவ சித்தாந்த வகுப்புக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். இருள் மற்றப் பொருள்களை மறைக்கும். ஆனால் தான் இருப்பதை மறைப்பதில்லை. ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. வகுப்பில் கேட்ட காலத்தில் இது தத்துவ நுட்பமாக மட்டுமே எமக்குப் பட்டது. சிங்க்குக்குக் கீழே குந்தியிருந்தபோது அதன் பொருள் வேறு விதமாகப் புரிந்தது. கலங்கிய கிணறு தான் கலங்கியிருப்பதைச் சொல்லும். பழுதான வடிகட்டி சொல்லாது. அதைவிட, எம்மிடம் வடிகட்டி இருக்கிறது என்ற நிம்மதியைத் தந்து, பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தையே எடுத்துவிடும்.

நாம் எதற்காக இந்தச் சாதனத்தை வாங்கினோம்? சிட்னியில் நீண்ட காலம் இருப்பவர்கள் 1998ஐ மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருடம் யூலை கடைசியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை மூன்று தடவை, குழாய் நீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள் என்ற அறிவித்தல் வந்தது. கிரிப்ரோஸ்போரிடியம், ஜியார்டியா என்னும் நுண்ணுயிர்கள் நீரில் காணப்பட்டதாகச் சோதனைகள் கூறின. ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்கள் பாதிக்கப்பட்டார்கள். கடைகளில் போத்தல் தண்ணீர் முடிந்தது. எமது வீடுகளில் பொங்கல் பானையும் இடியப்பப் பானையும் கூட நீர் கொதிக்கவைக்க அடுப்பில் ஏறின. பீற்றர் மக்லெலன் தலைமையில் விசாரணை நடந்தது. அடுத்த வருடம் நீரேந்து பகுதிகளைக் காக்கவெனத் தனி அதிகாரசபை அமைக்கப்பட்டது. ஆனால் அந்த நாட்களில் நகரத்தில் நோய் கூடியதாகச் சுகாதாரப் பதிவுகள் காட்டவில்லை. சோதனையில் வந்த எண்ணிக்கைகள் சரிதானா என்ற சந்தேகமும் பின்னர் எழுந்தது. இருந்தும் ஒரு முறை உடைந்த நம்பிக்கை முழுதாக ஒட்டுவதில்லை. வீட்டு வடிகட்டிகள் எம்மவர் மத்தியில் பெருகியதற்கு அந்த மூன்று அறிவித்தல்களும் ஒரு காரணம் என்பது எமது எண்ணம்.

பின்பு 2024இல் நீலமலைப் பகுதிக்கு நீர் வழங்கிய மெட்லோ அணையில் பி.எஃப்.ஏ.எஸ். என்னும் அழியா இரசாயனங்கள் காணப்பட்டு, அந்த அணை விநியோகத்திலிருந்து நிறுத்தப்பட்டது. 2025 யூனில் தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சிச் சபை குடிநீர் வழிகாட்டலைத் திருத்தி, அவற்றுள் பி.எஃப்.ஓ.எஸ். என்பதற்கு லீற்றருக்கு 8 நனோகிராம் என்று எல்லை வகுத்தது. ஆர்.ஓ. முறை இவற்றைப் பெருமளவு குறைக்கும் என்பது உண்மை. நல்ல நிலையில் உள்ள மென்சவ்வுக்கு அது பொருந்தும். ஐந்து வருடம் திரும்பிப் பாராத மென்சவ்வு எதைக் குறைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருவோம். தெரியாமல் செய்தது குற்றமா?

குற்றமில்லை என்று வாதிட இடமுண்டு. நாம் வாங்கும் பாலை நாம் சோதிப்பதில்லை. ஓடும் ரயிலின் பிறேக்கைப் பார்த்துவிட்டு ஏறுவதில்லை. எல்லாவற்றையும் சோதித்துத்தான் நம்புவது என்றால் ஒரு நாள்கூட வாழ முடியாது. 1998இல் முதல் அறிவித்தல் வருவதற்கு முதல் நாள் தன் பிள்ளைக்குக் குழாய் நீர் கொடுத்த தாயை யாரும் குறை சொல்லப் போவதில்லை. அவருக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வழியும் இருக்கவில்லை.

எமது நிலை அதுவன்று. குழாய் நீரை எமக்காகச் சோதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அவர்களுடைய தொழில். தவறினால் விசாரணை வரும், பதவி போகும். ஆனால் அவர்களுடைய பொறுப்பு எமது வீட்டு மீற்றரோடு முடிகிறது. அதற்கு இப்பால் எமது பணத்தில் ஒரு சாதனத்தைப் பூட்டியபோது, உங்கள் சுத்தம் எமக்குப் போதாது, இனி நாமே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறோம். பொறுப்பு அந்தக் கணமே கைமாறிவிட்டது. பற்றுச்சீட்டில் அந்த வரி அச்சிடப்படவில்லை, அவ்வளவுதான். சிட்னியில் 2010இல் திறந்த கேர்ணல் ஆலையும் மெல்பேர்னுக்காக 2012இல் கட்டி முடித்த வொந்தகி ஆலையும் கடல்நீரை இதே ஆர்.ஓ. முறையால்தான் குடிநீராக்குகின்றன. எமது யாழ்ப்பாணத்தில் 2024 ஓகஸ்ட் மாதம் தாளையடியில் திறக்கப்பட்டதும் அவ்வகை ஆலையே. அங்கெல்லாம் மென்சவ்வைக் கவனிப்பதற்கென்றே பொறியியலாளர்களும் தொழிலாளர்களும் உண்டு. எமது அலுமாரிக்குள் இருக்கும் ஆலைக்கு யார் பொறியியலாளர்? அந்தக் கேள்வியை வாங்கிய அன்றே நாம் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் விடை இலகுவாகக் கிடைத்திருக்கும். பெட்டிக்குள் வந்த கையேட்டிலேயே இருந்தது. தெரிந்துகொள்ள வழி இருந்தும் பாராமல் விட்டதற்கு, தெரியாது என்ற சொல் போர்வையாகாது. அம்மாவுக்கு நாம் சொன்ன பதில் பிழை என்பதே எமது முடிவு.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு அன்போடு இந்த வடிகட்டியை வாங்கிப் பூட்டிக் கொடுத்துவிட்டு, வேலை நிமித்தம் வேறு நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். எழுபத்தைந்து வயதில் முழங்கால் வலியோடு சிங்க்குக்குக் கீழே குனிந்து கூட்டைக் கழற்ற யாரால் முடியும்? அந்தப் பெரியவர்களைக் குறை சொல்லலாமா? எமக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுத்தவர் சாதனத்தைக் கொடுத்தார், கவனிப்பைக் கொடுக்கவில்லை. கோயிலுக்கு மணி உபயம் செய்தவர் கயிறு அறுந்தால் யார் மாற்றுவது என்று யோசிக்காதது போலத்தான் இதுவும்.

ஊரில் இப்படி இருக்கவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. கோடையில் நீர் கீழே இறங்கும் நாட்களில் கிணற்றை இறைத்து, உள்ளே இறங்கிச் சேறு அள்ளி, கட்டைத் தேய்த்துக் கழுவுவார்கள். புழு பூச்சியைத் தின்னட்டும் என்று மீன் விட்டிருப்பார்கள். குனிந்து பார்த்தால் முகம் தெரியும். தெரியாவிட்டால் ஏதோ பிழை என்று சிறுபிள்ளைக்கும் விளங்கும். சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் கழிவு எண்ணெய் கலந்தபோது அதைக் கிணறுகளே காட்டிக்கொடுத்தன. வாளியில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2019 ஏப்ரலில் இரண்டு கோடி ரூபா இழப்பீடு கொடுக்கத் தீர்ப்பானது.

மற்றப் பாதியையும் சொல்லத்தான் வேண்டும். நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் ஒடுக்கப்பட்ட சாதியார் தாமாக அள்ள விடப்படாமல், யாராவது அள்ளி ஊற்றும் வரை குடத்தோடு காத்து நின்ற காலம் எமது பேரன் பேத்திமாருக்குக் கதை. எம்மில் பலருக்குக் கண்ணால் கண்டது. அதற்கும் சுத்தம் என்றே பெயர் சொன்னார்கள். நீருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. யாருடைய கை பட்டது என்று பார்த்தார்கள். பார்க்க வேண்டியதை விட்டு வேறொன்றைப் பார்த்துச் சுத்தம் என்று தீர்மானிக்கும் பழக்கம் எம்மிடம் பழையது. இப்போது கையைப் பார்ப்பதற்குப் பதிலாக, பெட்டியில் ஒட்டியிருக்கும் கொம்பனிப் பெயரைப் பார்க்கிறோம்.

பெரியபுராணத்தில் தண்டியடிகள் நாயனார் திருவாரூரில் பிறவியிலேயே பார்வையில்லாதவர். கோயிலின் மேற்குப் பக்கத்துக் குளம் சுருங்கிப் போனதை அறிந்து, அதைக் கல்லித் திருத்தப் புறப்பட்டார். குளத்துக்குள்ளே ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி, மண்ணைக் கூடையில் எடுத்து, கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டினார். அவருக்குப் பிற்பாடு கண் கிடைத்ததைத்தான் பிரசங்கங்களில் விரித்துச் சொல்வார்கள். எமக்கு இப்போது பெரிதாகப் படுவது அந்தக் கயிறு. காண முடியாது என்று தெரிந்த மனிதர், காணாமலே பிழையின்றிப் போய்வர ஒரு வழி செய்துகொண்டார்.

வடிகட்டிக்கும் அவ்வாறான கயிறுகள் உண்டு. மிக மலிவானது, ஒரு பேனை. வடி மாற்றிய திகதியை அந்தக் கூட்டின் மேலேயே எழுதிவிடுவது. எழுதாத வீட்டில் போன மாதம் மாற்றியது போலத்தான் எப்போதும் இருக்கும். அடுத்தது, கரைந்த உப்பை அளக்கும் சிறு மீற்றர், டி.டி.எஸ். மீற்றர் என்று கேட்டால் கொடுப்பார்கள். குழாய் நீரையும் வடித்த நீரையும் அளந்து ஒப்பிட வேண்டும். குழாயில் 100, வடித்ததில் 8 என்றால் மென்சவ்வு 92 வீதத்தைத் தடுக்கிறது, நல்லது. வடித்தது 25 ஆகிவிட்டால் மென்சவ்வுக்கு வயதாகிவிட்டது. ஆனால் இந்த மீற்றர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. அதற்குக் கலண்டரைத் தவிர வேறு கயிறு வீட்டில் இல்லை. ஊருக்கு ஆறு வாரம் போகிறவர்கள் வடிகட்டிக்குப் போகும் திறப்பை மூடிவிட்டுப் போவதும், வந்ததும் தாங்கியில் நின்ற நீரை முழுவதும் திறந்து ஊற்றிவிடுவதும் நல்லது. பூட்டியிருந்த வீட்டுக்குள் மெல்லிய பிளாஸ்ரிக் குழாய் வெடித்து நிலம் முழுவதும் ஊறிப்போன கதைகளும் உண்டு.

கழிவு நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய மாதிரிச் சாதனங்களில் ஒரு லீற்றர் வடிய மூன்று நான்கு லீற்றர் சாக்கடைக்குப் போகும். புதியவற்றில் குறைவு. ஒரு வீட்டில் நாளுக்கு 8 லீற்றர் வடித்தால், மூன்று பங்கு என்ற கணக்கில் வருடத்துக்கு 8,760 லீற்றர் வீண். வடி அடைபட்டாலோ தானாக நிறுத்தும் வால்வு பழுதானாலோ இரவும் பகலும் ஓடிக்கொண்டேயிருக்கும். அதையும் நாம் காணமாட்டோம். மெல்பேர்ன் அன்பர்களுக்கு 2008 கடைசியில் தொடங்கிய 155 லீற்றர் இயக்கம் நினைவிருக்கும். அணைகள் கால் பங்களவுக்கு இறங்கிய வரட்சிக் காலம் அது; குளிக்கும் நீரை வாளியில் பிடித்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றினோம். அந்தக் கணக்கில் மேற்சொன்ன வீண் நீர் ஒருவருக்கு 56 நாட்களுக்கான நீர். கழிவுக் குழாயை ஒரு வாளிக்குத் திருப்பிவிட்டால் நிலம் துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம்.

அதற்கும் முன்னால், இந்தச் சாதனம் உண்மையில் வேண்டுமா என்று கேட்பதில் தவறில்லை. இந்தியாவில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில், கரைந்த உப்பு லீற்றருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த இடங்களில் வீட்டு ஆர்.ஓ. சாதனங்களைத் தடை செய்ய அரசுக்கு உத்தரவிட்டது. சென்னையில் உப்பு நீர் வரும் ஆழ்துளைக் கிணற்று வீட்டுக்கு இது அவசியமாக இருக்கலாம். மெல்பேர்ன் குழாய் நீர் காட்டு நீரேந்து பகுதிகளிலிருந்து வருவது. அதில் நீக்குவதற்கு உப்பு மிகக் குறைவு. பற்களுக்கென்று சிட்னியில் 1968 முதலும் மெல்பேர்னில் 1977 முதலும் சேர்க்கும் புளோரைட்டையும் ஆர்.ஓ. பெரும்பாலும் நீக்கிவிடும். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டார் பல் வைத்தியரிடம் அதைச் சொல்லி வைப்பது நல்லது. சுவைதான் குறை என்றால் ஒரு சாதாரண கரி வடியே போதும். அதையும் மாற்றத்தான் வேண்டும்.

எமது வீட்டில் மூன்று வடிகளும் மென்சவ்வும் மாற்றியாயிற்று, தாங்கியும் கழுவியாயிற்று. கூட்டின் மேல் கறுப்பு மையால் திகதி இருக்கிறது. அம்மா அந்த ஐந்து வருடத்தில் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தவர்களை விரல் விட்டு எண்ணத் தொடங்கி, கந்தசஷ்டி விரதத்துக்கு வந்து தங்கிய பெரியம்மாவோடு நிறுத்திக்கொண்டார். பெரியம்மாவுக்கு அப்போது சிறுநீரக வருத்தம். அந்தத் தண்ணீரால் அவருக்கு ஏதும் நடந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. நடக்கவில்லை என்று சொல்லவும் எம்மிடம் எதுவும் இல்லை.

சென்ற வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு எமது ஆலய அன்னதான மண்டபத்துச் சமையலறைக்குப் போய்ப் பார்த்தோம். அங்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. எந்தக் குடும்பத்தின் உபயம் என்று அழகாக எழுதி ஒட்டியிருக்கிறது. வடி மாற்றிய திகதி எங்கும் இல்லை. கேட்ட நால்வருக்கும் தெரியவில்லை. வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு அதைக் கழற்றிப் பார்க்கவிருக்கிறோம். கூடு திறக்கும் சாவி எம்மிடம் உண்டு. ஒரு வாளியும் இரண்டு பழைய துவாயும், குனிந்து எழும்பக்கூடிய இளைஞர் ஒருவரும் தேவை.